மீன் தொட்டி தண்ணிய எதுல பிடிச்சு வெக்கலாம், எதுல வெக்கவே கூடாது

புதுச்சேரி முத்தியால்பேட்டை தம்பி ஒருத்தர் கேட்ட கேள்விக்கு இந்த பதில். பழைய சாமான் கடையில நீல கலர் டிரம் ஒண்ணு வாங்கி, சோப்பு போட்டு தேய்ச்சு கழுவி, மாடியில வெச்சு பைப் தண்ணி பிடிச்சு ரெண்டு நாள் விட்டுட்டு தொட்டிக்கு மாத்திருக்கார். மறுநாள் காலைல 11 கப்பி மீன்ல 8 போச்சு. "ரெண்டு நாள் வெச்சா குளோரின் போயிடும்னு தானே சொன்னாங்க, அப்புறம் ஏண்ணா செத்துச்சு? பிளாஸ்டிக்கே ஆகாதா? பாட்டியோட பித்தளை அண்டா பெருசா ஒண்ணு சும்மா கிடக்கு, அதுல பிடிச்சு வெக்கலாமா?"ன்னு கேட்டிருந்தார்.

தம்பி, அண்டாவ மட்டும் தொடாதீங்க, ஏன்னு பின்னாடி சொல்றேன். முதல்ல உங்க டிரம்ம பத்தி பேசுவோம். நீங்க தண்ணிய பழக்கினதுல, அதாவது குளோரின் போக விட்டு வெச்சதுல தப்பு இல்ல, பிளாஸ்டிக்லயும் தப்பு இல்ல, அந்த டிரம்ல உங்க கைக்கு வர்றதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சுன்னு உங்களுக்கு தெரியாது, என் கணக்குல அதுதான் காரணம். இதயே நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்கேன், ஆனா எல்லாரும் என்ன பிளாஸ்டிக், என்ன நம்பர்னு தான் கேக்குறாங்க, முன்னாடி அதுல என்ன ஊத்தி வெச்சிருந்தாங்கன்னு யாரும் கேக்க மாட்டேங்கறாங்க.

எனக்கும் இதே மாதிரி நடந்திருக்கு. நான் கடலூர் மஞ்சக்குப்பத்துல இருக்கேன், 20 வருஷத்துக்கு மேல மீன் வளக்கறேன். ஆரம்பத்துல நானும் ஒரு 100 லிட்டர் நீல டிரம் பழைய சாமான் கடையில தான் வாங்குனேன். கடைக்காரர் "ஆயில் டிரம் தான், கழுவுனா போயிடும்"னு சொன்னார். கழுவுனேன், வெயில்ல காய வெச்சேன், மூக்க வெச்சு பாத்தா ஒரு வாடையும் இல்ல. அதுல பிடிச்ச தண்ணிய ஏஞ்சல் மீன் தொட்டிக்கு பாதி மாத்துனேன். ராத்திரி 10 மணிக்கு பாத்தா நாலு ஏஞ்சலும் மேல வந்து வாய தொறந்து தொறந்து மூடுது, செவுள் ரத்தச் சிவப்பா இருக்கு. காலைல நாலும் இல்ல. நான் ஆக்சிஜன் குறைஞ்சிருக்கும்னு நெனச்சு பம்ப்ப குறை சொல்லிட்டு இருந்தேன். ரெண்டு மாசம் கழிச்சு மே மாசம், அதே டிரம் மூடி போட்டு மொட்டை மாடியில வெயில்ல கிடந்துச்சு, மதியம் 2 மணிக்கு மூடிய திறந்தேன், குப்புன்னு ஒரு வாடை, பெயிண்ட் தின்னர் மாதிரி. கழுவி காய வெச்ச டிரம்ல அது எங்க இருந்து வந்துச்சு? பிளாஸ்டிக் சுவத்துக்குள்ள இருந்து. பாக்க வழுவழுன்னு கண்ணாடி மாதிரி இருந்தாலும் இந்த பிளாஸ்டிக் எண்ணெய், தின்னர், பூச்சி மருந்து மாதிரி சரக்கெல்லாம் உள்ள இழுத்து வெச்சுக்கும், அப்புறம் நாம ஊத்தற தண்ணியில கொஞ்சம் கொஞ்சமா விடும், சூடு ஏறினா இன்னும் வேகமா விடும். மேல தேய்ச்சு கழுவறது அந்த உள்ள போனத ஒண்ணும் பண்ணாது. அதனால தான் சொல்றேன், வரலாறு தெரியாத டிரம் எவ்ளோ சல்லிசா கிடைச்சாலும் மீனுக்கு வேணாம்.

சரி, அப்ப என்ன வாங்கலாம்? புதுசா வாங்கறீங்கன்னா பக்கெட்ட கவுத்து அடியில பாருங்க. மூணு அம்பு சேர்ந்த முக்கோணம் இருக்கும், உள்ள ஒரு நம்பர். 2ன்னா எச்டிபிஇ, 5ன்னா பாலிபுரொப்பிலீன் (சுருக்கமா பிபி), 4ன்னா எல்டிபிஇ. இந்த மூணும் தண்ணிக்கு நல்லது. 1 பெட், அது தண்ணி பாட்டில், தற்காலிகமா பரவால்ல, வெயில்ல வருஷக்கணக்கா வெக்கற பொருள் இல்ல. 3 பிவிசி, கெட்டியான பைப்பா இருந்தா பயம் இல்ல, ஆனா வளையற மாதிரி மெத்துனு இருக்கற பிவிசில அந்த மெத்துத்தனத்துக்கு ஒரு எண்ணெய் மாதிரி சரக்கு கலந்திருப்பாங்க, அது தண்ணிக்கு வரும். 7ன்னா மத்ததெல்லாம்னு அர்த்தம், பழைய கெட்டி 20 லிட்டர் வாட்டர் கேன் நிறைய அந்த வகை தான். முக்கோணத்தோட டம்ளரும் ஃபோர்க்கும் போட்ட படம் இருந்தா சாப்பாட்டுக்கு ஆகற பிளாஸ்டிக். ஒரு சின்ன சோதனை இருக்கு, எச்டிபிஇயும் பிபியும் தண்ணிய விட லேசு, மிதக்கும், பிவிசி முழுகிடும். உடைஞ்ச மூடித் துண்டு ஒண்ணு கிடைச்சா டம்ளர்ல போட்டு பாருங்க.

புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட் மாதிரி இடத்துல கறுப்பா, சொரசொரன்னு, விலை கம்மியா பக்கெட் கிடைக்கும், நம்பரும் இருக்காது. அது எந்தெந்த பிளாஸ்டிக்க உருக்கி ஊத்துனதுன்னு விக்கறவருக்கே தெரியாது. செடிக்கு, சித்தாள் வேலைக்கு நல்லா உழைக்கும், மீனுக்கு நான் வாங்க மாட்டேன். பெயிண்ட் பக்கெட் இன்னொரு ஆபத்து. 20 லிட்டர் பக்கெட், பிடி கெட்டி, மூடி இறுக்கம், பிளாஸ்டிக்கும் நல்ல பிபி தான், ஆனா எமல்ஷன் பெயிண்ட் கெட்டுப் போகாம இருக்க பூஞ்சை கொல்லி மருந்து கலந்திருப்பாங்க. மூடி விளிம்புலயும் பிடி மாட்டற குழியிலயும் காஞ்ச பெயிண்ட் ஒட்டிட்டே இருக்கும், எவ்ளோ உரிச்சாலும் முழுசா வராது.

பழைய டிரம் தான் வேணும், பட்ஜெட் இல்லன்னா சாப்பாட்டு சரக்கு வந்த டிரம் தேடுங்க. பேக்கரில குளுக்கோஸ் சிரப், ஓட்டல்ல சாஸ் வந்த டிரம், இதெல்லாம் கேட்டா குடுப்பாங்க, லேபிள் ஒட்டியிருந்தா அதான் சாட்சி. ஊறுகாய் டிரம்மும் விஷம் இல்ல, ஆனா எண்ணெய் பிசுக்கு போகவே போகாது, தண்ணி மேல மெல்லிசா வானவில் மாதிரி ஒரு படலம் நிக்கும், காத்து உள்ள போறத அது தடுக்கும். அதனால நான் ஊறுகாய் டிரம்ம எடுக்கறதில்ல.

கழுவறப்ப சோப்பு வேணாம் தம்பி, நீங்க பண்ண ரெண்டாவது தப்பு அதுதான். பாத்திர சோப்போ துணி சோப்போ, கீறல்ல உக்காந்துக்கிட்டு தண்ணிக்கு வரும், சோப்பு மீனோட செவுள கெடுக்கும். மரக்காணம் கல் உப்பு ரெண்டு கை எடுத்து தேங்கா நார்ல தொட்டு நல்லா தேய்ங்க, அப்புறம் கொஞ்சம் வினிகர் போட்டு அலசுங்க, அப்புறம் நாலு தடவ வெறும் தண்ணி. சோப்பு மிச்சம் இருக்கான்னு பாக்கணும்னா அந்த டிரம் தண்ணிய ஒரு கண்ணாடி பாட்டில்ல பாதி எடுத்து மூடி நல்லா குலுக்குங்க, நுரை உடனே அடங்கிட்டா சரி, வட்டமா சுத்தி நின்னுச்சுன்னா இன்னும் கழுவணும்.

வாடை சோதனைய சாதா தண்ணியில பண்ணாதீங்க. ராத்திரி ஒரு குடம் வெந்நீர் ஊத்தி (கொதிக்கற தண்ணி வேணாம், கை தாங்கற சூட்டுக்கு கொஞ்சம் மேல போதும்) மூடிய இறுக்கி வெச்சிருங்க. காலைல எழுந்து காபி குடிக்கறதுக்கு முன்னாடியே போய் மூடிய திறந்து உடனே மூக்க வெச்சு பாருங்க. புது பிளாஸ்டிக் வாசன லேசா வந்தா பரவால்ல, ரெண்டு மூணு தடவ தண்ணி மாத்தினா போயிடும். தின்னர், மண்ணெண்ணெய், பூச்சி மருந்து, பினாயில், செண்ட் மாதிரி எது வந்தாலும் டிரம்ம விட்டுடுங்க.

அதுக்கப்புறம் மூணு நாள் தண்ணி ஊத்தி வெச்சு உயிர் சோதனை. மீன விட்டு பாக்காதீங்க, பாவம். மொய்னாவோ டாப்னியாவோ (மீனுக்கு உயிர் தீனியா போடற பொடி தண்ணிப் பூச்சி) வளக்கற நண்பர் இருந்தா ஒரு ஸ்பூன் வாங்கி ஒரு டம்ளர் டிரம் தண்ணியில விடுங்க, இன்னொரு டம்ளர் பழகின தொட்டி தண்ணியில விடுங்க. விஷத்துக்கு டாப்னியா மீன விட சீக்கிரம் சாயும், டிரம் தண்ணியில இருக்கறது மட்டும் ஒரு நாள்ல அடியில படுத்துடுச்சுன்னா விடை கிடைச்சுது. சில பேர் கொசுப்புழு விட்டு பாப்பாங்க. அது செத்தா தண்ணி நிச்சயம் கெட்டது, ஆனா பொழச்சா நல்லதுன்னு சொல்ல முடியாது, ஏன்னா கொசுப்புழு வால் பக்கம் குழாய வெளிய நீட்டி காத்துல தான் மூச்சு விடுது, மீன் மாதிரி தண்ணியில இல்ல.

இப்ப பித்தளை அண்டா. நம்ம வீடுகள்ல செம்பு, பித்தளைன்னா தண்ணிக்கு நல்லதுன்னு ஒரு நம்பிக்கை இருக்கு, செப்புக் குடத்துல ராத்திரி தண்ணி வெச்சு காலைல குடிக்கறவங்க நிறைய பேர். கிருமி சாகுதுன்னு சொல்றாங்கல்ல, அந்த செம்பு தான் மீனுக்கு ஆபத்து. மயில்துத்தம் தெரியும்ல, விவசாயிங்க சுண்ணாம்போட கலந்து செடிக்கு அடிப்பாங்களே, அது செம்பு உப்பு தான், நத்தைய கொல்லவும் பாசிய கொல்லவும் அத தான் போடுவாங்க. பித்தளைன்னா செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது, ரெண்டுமே மீனுக்கு ஆகாது. இறாலும் நத்தையும் முதல்ல போகும், மீன் கொஞ்சம் தாங்கும். தண்ணி மென்மையா இருந்தா, மழைத்தண்ணி மாதிரி, செம்போட வேகம் இன்னும் அதிகம். உள்ள ஈயம் பூசியிருக்குன்னு சொல்லுவீங்க, பாட்டி காலத்து பூச்சு அடியில தேஞ்சு மஞ்சளா தெரியுதான்னு பாருங்க, நிச்சயம் தெரியும். அண்டாவ புளி போட்டு தேய்ச்சு கூடத்துல வெய்ங்க, அழகா இருக்கும்.

தகர பக்கெட்டும் வேணாம், துத்தநாகம் பூசினது. அலுமினியம் வேணாம். எவர்சில்வர் ஒரு நாள் ரெண்டு நாளுக்கு பரவால்ல, ஆனா நம்ம கடலோரத்துல போர் தண்ணி உப்பா இருக்கற தெருவுல எவர்சில்வர்லயே புள்ளி புள்ளியா அரிச்சிடும், அதுவும் உப்பு போட்ட தண்ணியா இருந்தா வெக்கவே வேணாம்.

மண்பானை நல்லது, வில்லியனூர் பக்கம் சுட்ட மண் வேலை பேர் போனது, பெரிய பானையே கிடைக்கும். பளபளன்னு பூச்சு போட்டது வேணாம், சாதா சுட்ட பானை போதும். ஒரு விஷயம், பானை வழியா தண்ணி கசிஞ்சு ஆவியா போய்ட்டே இருக்கும், அதனால தான் குளிர்ச்சி, ஆனா தண்ணி மட்டும் போகும், உப்பு உள்ளயே தங்கும். குறைய குறைய மேல ஊத்திட்டே இருந்தீங்கன்னா டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்சிருக்கற உப்போட அளவு) ஏறிட்டே போகும். மூணு நாலு நாளுக்கு ஒருதரம் முழுசா காலி பண்ணிட்டு பிடிங்க.

சிமெண்ட் தொட்டிய பத்தி கொஞ்சம் நின்னு சொல்லணும், ஏன்னா புது வீடு கட்டுனவங்க சம்ப் தண்ணிய நம்பி ஏமாந்துடறாங்க. புது சிமெண்ட்ல இருந்து சுண்ணாம்பு தண்ணிக்கு இறங்கும், பிஎச் (தண்ணி அமிலமா காரமான்னு காட்டற அளவு) 11, 12 வரைக்கும் கூட ஏறும். தண்ணி பாக்க கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கும், தொட்டு பாத்தா விரல்ல லேசா வழுக்கும். என் பெரியப்பா பையன் புது வீட்டுக்கு போன மூணாவது நாள் சம்ப் தண்ணிய அப்படியே மாத்தி ஒரு தொட்டி கோல்டு ஃபிஷ்ஷ இழந்தான். பிஎச் ஏறுனா இன்னொரு கேடும் சேந்து வரும், தொட்டியில ஏற்கனவே இருக்கற கொஞ்சநஞ்ச அம்மோனியா விஷமா மாறும். பழைய வழி தான் நல்ல வழி, தொட்டி நிறைய தண்ணி விட்டு வாழைத்தண்ட துண்டு துண்டா வெட்டி போட்டு ஒரு வாரம் அழுக விட்டு கொட்டிட்டு, மறுபடி தண்ணி, மறுபடி தண்டு. மூணு வாரமாவது ஆகும், பிஎச் பேப்பர் வெச்சு பாத்து, அப்பதான் பிடிச்ச தண்ணியும் தொட்டியில மூணு நாள் கிடந்த தண்ணியும் ஒரே நம்பர் காட்டற வரைக்கும் விடக் கூடாது.

பழைய கண்ணாடி தொட்டி ஒண்ணு இருந்தா அதவிட நல்லது எதுவும் இல்ல. ஒழுகுதுன்னு சிலிகான் வாங்கி அடைக்கறவங்க டியூப்ப படிங்க, பாத்ரூமுக்குன்னு விக்கறதுல பூஞ்சை தடுக்கற மருந்து இருக்கும், அது வேணவே வேணாம். மருந்து எதுவும் கலக்காத, ஒட்டறப்ப வினிகர் வாடை அடிக்கற சாதா சிலிகான் தான் வேணும், ஒட்டிட்டு வாடை முழுசா போற வரைக்கும் காய விடுங்க.

இனி டிரம் எந்த மாதிரி வடிவத்துல இருக்கணும்னு யாரும் சொல்றதில்ல, எனக்கு அது ரொம்ப முக்கியமா படுது. தண்ணிய பழக்கறதுன்னா என்ன, குளோரின் காத்துக்கு போகணும், அவ்ளோதான் முதல் வேலை. பைப் தண்ணி வீட்டுக்கு வந்து சேர்றப்ப லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருக்கணும்ங்கறது குடிநீருக்கான விதி, டேங்க்ல பிளீச்சிங் பவுடர் போட்ட அன்னிக்கு அதவிட எவ்ளோ அதிகம்னு வாடையே சொல்லும். இது போறதுக்கு தண்ணியோட முகம் காத்துல படணும். வாய் குறுகின 20 லிட்டர் கேன்ல மூடி போட்டு வெச்சா ரெண்டு நாள் இல்ல, நாலு நாள் ஆனாலும் சரியா போகாது. வாய் அகலமான டப்பு, பாதி உயரத்துக்கு தண்ணி, உள்ள ஒரு ஏர் ஸ்டோன் (பம்ப் காத்த குமிழியா விடற கல்), ஒரே நாள்ல முடிஞ்சிடும். போர் தண்ணிக்கு குளோரின் இல்ல, ஆனா பூமிக்குள்ள இருந்து வர்றதால ஆக்சிஜன் கம்மி, கார்பன் டை ஆக்சைடு அதிகம், சில தெருவுல இரும்பும் உண்டு, ஒரு நாள் காத்து பட்டா அடியில செம்மண் மாதிரி படியும். அதுக்கும் அதே அகல டப்பும் ஏர் ஸ்டோனும் தான். அவசரத்துக்கு ஆன்ட்டி குளோரின் சொட்டு போடுங்க, அது சோடியம் தயோசல்பேட், முன்ன போட்டோ ஸ்டுடியோல ஹைப்போன்னு வெச்சிருப்பாங்களே அதே சரக்கு, தண்ணிக்கு போட்ட உடனே வேலை செய்யும். குளோரின் இருக்கான்னு பாக்க ஓ.டி. (ஆர்த்தோடொலிடின்) சொட்டு மருந்து உண்டு, பஞ்சாயத்து டேங்க் ஆபரேட்டருங்க வெச்சிருப்பாங்க, ரெண்டு சொட்டு விட்டா மஞ்சளாகும், மஞ்சள் வரலன்னா தண்ணி ரெடி.

மூடாம வெச்சா கொசு வரும், மூடி போட்டா குளோரின் போகாது. இதுக்கு வழி நைலான் கொசுவலை, நாலா மடிச்சு வாய்ல போட்டு சைக்கிள் டியூப்ப வெட்டி ரப்பர் பேண்ட் மாதிரி மாட்டுங்க. டெங்கு கொசு நல்ல தண்ணியில தான் முட்டை வெக்கும், நம்ம டிரம் அதுக்கு சொந்த வீடு. கொசு ஆராய்ச்சிக்குன்னு மத்திய அரசு மையம் 1975ல இருந்து புதுச்சேரியில இருக்கு, அந்த ஊர்ல இருந்துக்கிட்டு நீங்களே கொசு வளக்கக் கூடாது. வாரம் ஒருதரம் டிரம்ம முழுசா கவுத்து உள் சுவத்த தேய்ச்சிடுங்க, முட்டை தண்ணி மட்டத்துக்கு மேல சுவத்துல தான் ஒட்டியிருக்கும், தண்ணிய மட்டும் கொட்டினா போகாது.

வெயில். மொட்டை மாடி கறுப்பு டேங்க் தண்ணி மே மாசம் மதியம் கை வெக்க முடியாது. 25 டிகிரி தண்ணி லிட்டருக்கு சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிச்சு வெக்கும்னா 35 டிகிரில 7 தான். அதனால டிரம்ம மாடிப்படிக்கு அடியில, நிழல்ல வெய்ங்க, தண்ணி மாத்தறத விடியகாலைல வெச்சுக்கோங்க. ஓஸ் பைப்ல முதல்ல வர்ற தண்ணி வெயில்ல வெந்து பிளாஸ்டிக் வாடையோட வரும், ஒரு பக்கெட் செடிக்கு விட்டுட்டு அப்புறம் பிடிங்க. 200 லிட்டர்னா 200 கிலோ, பழைய வீட்டு பால்கனில ஏத்தாதீங்க.

தண்ணி சேத்து வெக்கறது நம்ம ஊருக்கு வசதிக்கு மட்டும் இல்ல. 2011 டிசம்பர் 30 தானே புயல் அடிச்சப்ப கடலூர்ல வாரக்கணக்குல கரண்ட் இல்ல, மோட்டார் ஓடல. 2024 நவம்பர் 30 ஃபெங்கல் கரைய கடந்தப்ப தென்பெண்ணைல வெள்ளம், அதுக்கு அப்புறம் பைப்ல வந்த தண்ணியில பிளீச்சிங் வாடை தூக்கி அடிச்சுது. படிக்கட்டுக்கு அடியில இருந்த ரெண்டு 80 லிட்டர் டப்பு தான் என் தொட்டிங்கள பத்து நாள் காப்பாத்துச்சு. அதனால அக்டோபர் வந்தா எப்பவும் ரெண்டு டப்பு நிறைய வெச்சிருப்பேன்.

டப்பு, பக்கெட், மக்கு மூணுலயும் வெளிப்பக்கம் பெர்மனன்ட் மார்க்கர்ல "மீன் மட்டும்"னு பெருசா எழுதி வெய்ங்க, வீட்டுல அம்மாகிட்டயும் வேலை செய்ற அக்காகிட்டயும் சொல்லி வெய்ங்க. இத எழுதாம ஒரு தடவ பினாயில் தொட்ட மக்கு திரும்ப என் தொட்டிக்குள்ள வந்துச்சு.

உங்க மிச்சம் மூணு கப்பிக்கு இப்ப செய்ய வேண்டியது: அந்த டிரம் தண்ணி தொட்டியில இருக்கறத எடுக்கணும், ஆனா ஒரேயடியா வேணாம். புது பிபி பக்கெட் ஒண்ணு வாங்கி உப்பு போட்டு தேய்ச்சு அலசி பைப் தண்ணி பிடிச்சு ஆன்ட்டி குளோரின் போட்டு அரை மணி ஏர் ஓட விடுங்க, சூடு தொட்டி தண்ணியோட ஒத்து வந்ததும் இன்னிக்கு மூணுல ஒரு பங்கு மாத்துங்க, நாளைக்கு ஒரு பங்கு, நாளன்னிக்கு ஒரு பங்கு. பில்டர்ல போட கரித்தூள் பை, ஆக்டிவேட்டட் கார்பன்னு கேட்டா கடையில குடுப்பாங்க, அத ஒரு வாரம் ஓட விட்டு தூக்கி போடுங்க. அது வரைக்கும் தீனி கொஞ்சமா போடுங்க. டிரம்ம கீரை, தக்காளி வளக்கவும் எடுக்காதீங்க, குடிக்கற தண்ணிக்கு யார்கிட்டயும் குடுத்துடாதீங்க, அடியில ஓட்ட போட்டு கட்டட வேலை நடக்கற எடத்துல குப்பை அள்ள குடுத்துடுங்க.